கண்ணுக்குத் தெரியாத தூதுவர்களும் அவர்களை எண்ணிய பெண்மணியும்

கட்டி என்று சொன்னாலே நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு பெரியது?" என்பதுதான். தேங்காயளவு என்றால் கலக்கம், எலுமிச்சையளவு என்றால் கவலை, மிளகளவு என்றால் "அவ்வளவுதானே!" என்று ஒரு பெருமூச்சு. ஆனால் நம் உடலில் சில இடங்கள் உண்டு. அங்கே மிளகளவுக் கட்டி ஒன்று போதும், ஒருவரின் முகத்தையே மாற்றிவிட, எலும்பைக் கரைத்துவிட, நல்ல புத்தியுள்ளவரைப் பித்தர்போல் பிதற்ற வைத்துவிட. அக்கட்டி எதையும் அழுத்துவதால் இத்துன்பம் வருவதில்லை. ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதால் வருகிறது. அந்தச் செய்தியின் பெயர்தான் ஹார்மோன்.

உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் குழாய் உண்டு. அவை சுரக்கும் நீர் அக்குழாய் வழியே குறித்த இடத்தைச் சேரும். தைராய்டு, பாராதைராய்டு, அட்ரினல், பிட்யூட்டரி, கணையத்திலுள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் ஆகியவற்றுக்கோ குழாய் இல்லை. ஆகவே இவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம். உயர் வகுப்பு மாணவியர் இவற்றைப் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள். இச்சுரப்பிகள் தம் பொருளை நேரே இரத்தத்தில் விட்டுவிடுகின்றன. இரத்தம் அதனை உடலெங்கும் சுமந்து செல்கிறது. ஆயினும் உரிய உறுப்பு மட்டுமே அதனை ஏற்றுக்கொள்கிறது. தெருவெல்லாம் சுற்றும் தபால்காரர் விலாசம் பார்த்து ஒரு வீட்டில் மட்டும் கடிதம் கொடுப்பதைப் போன்றது இது.

இதனை முதலில் ஐயமறக் காட்டியவர்கள் இலண்டன் நகர அறிஞர்களான பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர். 1902-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு நாயின் சிறுகுடற் பகுதிக்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் வெட்டிவிட்டு, அக்குடலில் சிறிது அமிலத்தைச் செலுத்தினர். நரம்பு இல்லாதபோதும் கணையம் நீரைச் சுரந்தது! செய்தி நரம்பு வழியே போகவில்லை, இரத்தத்தின் வழியே போயிருக்கிறது என்று புரிந்துகொண்டனர். இத்தகைய தூதுப் பொருள்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்று பெயரிட்டார். தூண்டி எழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது.

இனி, தூதுவர் அளவுக்கு மிஞ்சிப் போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அமெரிக்க வணிகக் கப்பல் தலைவர் ஒருவரின் கதை மருத்துவ நூல்களில் புகழ்பெற்றது. ஆறடிக்கு மேல் உயரமுள்ள இளைஞர் அவர். முதல் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து அவருடைய எலும்புகள் வலிக்கத் தொடங்கின. சிறு இடறலுக்கும் எலும்பு முறிந்தது. முதுகு கூனி, உயரம் 7 அங்குலம் குறைந்துவிட்டது. வாலிப வயதில் ஒருவர் குள்ளமாகிக்கொண்டே போவதை எண்ணிப் பாருங்கள்! கழுத்தில், தைராய்டின் பின்புறம், அரிசிமணி அளவில் பொதுவாக நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள் உள்ளன. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைச் சரியான அளவில் வைப்பது அவற்றின் பணி. அவற்றுள் ஒன்றில் கட்டி தோன்றினால் அது எலும்பிலுள்ள சுண்ணாம்பை இடைவிடாது வெளியே இழுத்துவிடும். வெளியேறும் சுண்ணாம்பு சிறுநீரகத்தில் கல்லாகச் சேரும்.

மருத்துவர்கள் காரணத்தை ஊகித்துவிட்டனர். கட்டி எங்கே என்பதுதான் தெரியவில்லை. 1926 முதல் அவருடைய கழுத்தை ஒரு முறையல்ல, ஆறு முறை அறுத்துத் தேடினார்கள். அகப்படவில்லை. நோயாளியோ சோர்ந்துவிடவில்லை. தாமே உடற்கூறு நூல்களைப் படித்து, "மார்புக்குள் தேடிப் பாருங்கள்" என்று வற்புறுத்தினார் என்பர். 1932-இல் பாஸ்டன் நகரிலுள்ள மாசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஏழாவது முறையாக அறுவை செய்தபோது, மார்பெலும்பின் பின்னே, பெரிய இரத்தக் குழாய்களின் அருகில், சுமார் 3 சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டி இருந்தது. அவர் சொன்னதுதான் சரி! ஆனால் காலம் கடந்திருந்தது. சிறுநீரகக் கல்லுக்குச் செய்த மற்றோர் அறுவைக்குப் பின், சில வாரங்களில் அவர் இறந்தார்.

அதே 1932-இல் ஹார்வி குஷிங் என்னும் மூளை அறுவை வல்லுநர், பிட்யூட்டரியில் தோன்றும் மிகச் சிறிய கட்டியால் விளையும் ஒரு நோயை விவரித்து எழுதினார். முகம் முழுநிலவைப்போல் உருண்டுவிடுகிறது. உடல் பருக்கிறது, கைகால் மெலிகிறது. வயிற்றில் ஊதாநிறக் கோடுகள் விழுகின்றன. பெண்களுக்கு முகத்தில் மயிர் வளர்கிறது. அவர் இந்நோயை முதலில் சிந்தித்தது 1910-இல் தம்மிடம் வந்த 23 வயது நங்கை ஒருத்தியைப் பார்த்தபோது. காரணத்தைத் துணிந்து எழுத இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று இது குஷிங் நோய் என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

கணையத்துக் கட்டியின் கதை இன்னும் வியப்பானது. நீரிழிவு நோய்க்கு மருந்தான இன்சுலினை 1921-இல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் பிரித்தெடுத்ததை அறிவீர்கள். அதன்பின் சில ஆண்டுகளில் நேர்மாறான நோயொன்று தெரியவந்தது. சிலருக்குக் காலையில் உணவு தாமதமானால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், ஆள் அடையாளம் மறந்துபோகும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் சில நிமிடங்களில் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து உட்காருவர். குடித்துவிட்டு வந்தவர் என்றும், வலிப்பு நோயாளி என்றும், மனநோயாளி என்றும் கருதப்பட்டு அல்லலுற்றோர் பலர். நம் ஊராயிருந்தால் பேய் பிடித்ததென்று வேப்பிலை எடுத்திருப்பார்கள். உண்மையில் அவர்களுடைய கணையத்தில் இருந்த சிறு கட்டி ஒன்று, வேண்டிய நேரம் வேண்டாத நேரம் என்று பாராமல் இன்சுலினைக் கொட்டிக்கொண்டிருந்தது. 1927-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி அறிவித்தனர். அவரே ஓர் அறுவை மருத்துவர்! அவருடைய கட்டி ஈரலுக்கும் பரவியிருந்ததால் அகற்ற முடியவில்லை. அதன் சாற்றை முயலுக்கு ஊசி வழியே செலுத்தியபோது, முயலின் இரத்தச் சர்க்கரை இன்சுலின் போட்டதுபோலவே இறங்கிற்று. இரண்டாண்டுகள் கழித்து 1929-இல், இன்சுலின் பிறந்த அதே டொரான்டோவில் ரோஸ்கோ கிரகாம் என்னும் மருத்துவர், வேறொரு நோயாளியின் கணையக் கட்டியை அகற்றிக் குணப்படுத்தினார்.

இந்த மூன்று கதைகளிலும் ஒரே இடர்ப்பாட்டைக் காண்கிறோம். நோயாளியின் இரத்தத்தில் இன்ன ஹார்மோன் இவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல அக்காலத்தில் வழியில்லை. அளவு தெரியாததால் ஊகம் செய்தார்கள். கத்தியெடுத்துத் தேடினார்கள். முயலுக்கும் எலிக்கும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஏன் அளக்க இயலவில்லை? அளவு அவ்வளவு சிறியது. காலையில் வெறும் வயிற்றோடு இருப்பவரின் ஒரு லிட்டர் இரத்தத்தில் உள்ள இன்சுலின், ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இராது. சமையலறைத் தூள் உப்பில் ஒரே ஒரு பரலை விரல் நுனியில் எடுத்தால் அதுவே இதைவிடப் பல மடங்கு எடையுள்ளது. அதே இரத்தத்தில் புரதங்கள் மட்டும் பல கோடி மடங்கு மிதக்கின்றன. கடலில் விழுந்த கடுகைத் தேடுவது இதைவிட எளிது எனலாம்.

அந்தக் கடுகை எண்ணுவதற்கு வழி கண்டவர் ஒரு பெண்மணி. ரோசலின் யாலோ என்பது அவர் பெயர். 1921-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை காகிதமும் சணற்கயிறும் விற்கும் சிறு வியாபாரி. பெற்றோர் இருவருமே உயர்நிலைப் பள்ளியை எட்டாதவர்கள். வீட்டில் புத்தகங்கள் இல்லாததால் அண்ணனும் தங்கையும் பொது நூலகத்தை நாடினார்கள். கட்டணமில்லாமல் பெண்களுக்குக் கல்வி தந்த ஹன்டர் கல்லூரியில் அவர் படித்தார். மேரி கியூரி அம்மையாரின் வரலாற்றை அவர் மகள் எழுதி நூல் வெளிவந்திருந்த காலம் அது. அந்நூலும், அணுவைப் பிளப்பது பற்றி 1939-இல் அறிஞர் ஃபெர்மி ஆற்றிய சொற்பொழிவும் ரோசலினின் உள்ளத்தைப் பௌதிகத்தின்பால் ஈர்த்தன. சொற்பொழிவு மண்டபத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டமாம்!

வீட்டாரின் ஆசை, பெண் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆகவேண்டும் என்பது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நம்மில் பலர் வீட்டிலும் அதே ஆசைதான். ஆனால் பௌதிகத்தில் மேற்படிப்புக்கு இடம் தர எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. பெண், அதிலும் யூதப் பெண், படித்து முடித்தால் யார் வேலை தருவார் என்று கேட்டனர். சுருக்கெழுத்துப் பயின்றால் ஒரு பேராசிரியரின் காரியதரிசியாகலாம், அப்படியே பின்வாசல் வழியாக வகுப்பில் சேரலாம் என்று யோசனை கூறினார்கள். அவரும் சுருக்கெழுத்துப் பயிலத் தொடங்கினார். 1941-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. சுருக்கெழுத்துப் புத்தகங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புறப்பட்டார். உலகப் போருக்கு இளைஞர்கள் போய்விட்டதால் காலியான இடங்களில் ஒன்று இவருக்குக் கிடைத்தது என்று அவரே பின்னாளில் கருதினார். அங்கே பொறியியற் கல்லூரியின் ஏறத்தாழ 400 ஆசிரியர்களுள் இவர் ஒருவரே பெண்.

முதற் பருவத்தில் எல்லாப் பாடங்களிலும் முதல் தரம். ஆய்வுக்கூடப் பயிற்சி ஒன்றில் மட்டும் ஒரு படி குறைவு. அதைக் கண்ட துறைத் தலைவர், பெண்களுக்கு ஆய்வுக்கூட வேலை சரிப்படாது என்பதற்கு இதுவே சான்று என்றாராம். அத்தனை முதல் தரங்களையும் கண்ணால் பார்த்தபிறகு இப்படிச் சொல்லவும் ஒரு தனித் திறமை வேண்டும்!

1945-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ரோசலின், 1947-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சேர்ந்தார். துப்புரவுச் சாமான்கள் வைக்கும் சிற்றறை ஒன்றுதான் அவருக்கு முதலில் கிடைத்த ஆய்வுக்கூடம். தேவையான கருவிகள் பலவற்றைத் தாமே அமைத்துக்கொண்டார். 1950-இல் சாலமன் பெர்சன் என்னும் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். ஒருவர் பௌதிகம் அறிந்தவர், மற்றவர் மருத்துவம் அறிந்தவர். ஒருவருக்கொருவர் ஆசிரியரும் மாணவருமாக 22 ஆண்டுகள் உழைத்தனர்.

அக்காலத்தில், பெரியவர்களுக்கு வரும் நீரிழிவுக்கு இன்சுலின் உடலில் விரைவாக அழிந்துவிடுவதே காரணம் என்று ஒரு கருத்து இருந்தது. அதைச் சோதிக்க, இருவரும் இன்சுலினோடு கதிரியக்க அயோடினைச் சிறிதளவு இணைத்து ஊசி வழியே செலுத்தினர். கதிரியக்கம் உள்ள பொருள் எங்கே போனாலும் கருவி அதனைக் காட்டிக்கொடுத்துவிடும், கழுத்தில் மணி கட்டிய ஆட்டைப்போல. முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. முன்பு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தில் அது விரைவாக மறையவில்லை, நெடுநேரம் தங்கியிருந்தது. ஏனென்று ஆராய்ந்தபோது, மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்து எடுத்த இன்சுலினை அந்நியப் பொருளாகக் கருதி உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கியிருப்பதும், அந்த எதிர்ப்பொருள் இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொள்வதும் தெரிந்தன.

இன்சுலின் போன்ற சிறு மூலக்கூறுக்கு எதிர்ப்பொருள் தோன்றவே தோன்றாது என்பது அன்றைய வல்லுநர்களின் உறுதியான நம்பிக்கை. கட்டுரையை ஏடுகள் திருப்பி அனுப்பிவிட்டன. தலைப்பிலிருந்து எதிர்ப்பொருள் என்ற சொல்லை எடுத்த பிறகே 1956-இல் அது அச்சேறியது. திருப்பி அனுப்பிய கடிதத்தை ரோசலின் பத்திரமாக வைத்திருந்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் நோபல் சொற்பொழிவில் எல்லோருக்கும் காட்டினார்!

இந்த எதிர்ப்பொருளையே தராசாக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு உதித்தது. அதன் சூட்சுமம் என்ன? தலைமைச் சகோதரியின் நாமவிழாவன்று நாம் ஆடும் இசை நாற்காலியைக் கொண்டே விளக்கலாம். 10 நாற்காலிகள் போடப்பட்டுள்ளன என்று கொள்ளுங்கள். சிவப்பு ரிப்பன் கட்டிய மாணவியர் 10 பேர் வந்தால் எல்லோருக்கும் இடம் உண்டு. இப்போது ரிப்பன் இல்லாத மாணவியர் 10 பேர் உள்ளே நுழைகிறார்கள். மொத்தம் 20 பேர் 10 இடத்துக்குப் போட்டியிட்டால், உட்கார்ந்தவர்களில் சுமார் 5 பேரே ரிப்பன்காரர்களாய் இருப்பர். ரிப்பன் இல்லாதவர் 40 பேர் நுழைந்தாலோ, உட்காரும் ரிப்பன்காரர் 2 பேராகக் குறைவர். ஆகவே, ரிப்பன் இல்லாதவர்களை ஒருவராக எண்ண வேண்டியதில்லை. நாற்காலியில் எத்தனை சிவப்பு ரிப்பன் தெரிகிறது என்று பார்த்தாலே போதும், மற்றவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டுவிடலாம்.

நாற்காலிகள்தாம் எதிர்ப்பொருள். கினிப்பன்றிகளுக்கு இன்சுலினைச் செலுத்தி அதை உண்டாக்கினர். சிவப்பு ரிப்பன் மாணவியர், கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலின். ரிப்பன் இல்லாதவர், நோயாளியின் இரத்தத் துளியில் உள்ள இன்சுலின். மூன்றையும் ஒரு குழாயில் கலந்து வைத்து, எதிர்ப்பொருளோடு சேர்ந்ததையும் சேராததையும் பிரித்து, கதிரியக்கத்தைக் கருவியால் எண்ணினர். தெரிந்த அளவு இன்சுலினைக் கொண்டு முன்பே ஒரு வரைபடம் போட்டு வைத்திருப்பார்கள். அதனுடன் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கதிரியக்கப் பொருள் சோதனைக் குழாயிலேயே இருக்கிறது, நோயாளியின் உடலுக்குள் போவதே இல்லை. 1959, 1960 ஆண்டுகளில் இம்முறை வெளியாயிற்று. இதற்குக் கதிரியக்க எதிர்ப்பு அளவீட்டு முறை என்று பெயர்.

இம்முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் அவ்விருவரும் பெருஞ்செல்வர்களாகியிருக்கலாம். பெற மறுத்துவிட்டார்கள். எந்த நாட்டவரும் வந்து கற்றுக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். 1972-இல் பெர்சன் மாரடைப்பால் காலமானார். மருத்துவத்துணை போய்விட்டதால் இனி ரோசலின் தலையெடுக்க முடியாது என்று பேசியவர்களும் உண்டு. அவர் தம் ஆய்வுக்கூடத்துக்கே பெர்சனின் பெயரைச் சூட்டினார். அதன்பின் வெளியிட்ட ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையிலும் அப்பெயர் அச்சாயிற்று. 1977-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பாதி ரோசலின் யாலோவுக்குக் கிடைத்தது. அத்துறையில் அப்பரிசு பெற்ற பெண்களில் அவர் இரண்டாமவர். முதல்வர் 1947-இல் பெற்ற கெர்டி கோரி. 2011-இல் தமது 89-ஆம் வயதில் ரோசலின் மறைந்தார்.

இந்தத் தராசு கைக்கு வந்ததும் எத்தனை திரைகள் விலகின! பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில் பலருக்கு இன்சுலின் குறைவே இல்லை, சில வேளை மிகுதியாகவே இருக்கிறது, உடல்தான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை என்று புலனாயிற்று. கணையக் கட்டி உடையவரைப் பட்டினி வைத்து, சர்க்கரை இறங்கிய வேளையில் இரத்தம் எடுத்து அளந்தால், அடங்கியிருக்க வேண்டிய இன்சுலின் மிகுந்திருப்பது தெரிகிறது. பாராதைராய்டு ஹார்மோனை 1963-இலேயே அவர்கள் அளந்து காட்டினர். அந்தக் கப்பல் தலைவருக்கு மட்டும் இது முப்பது ஆண்டுகள் பிந்திவிட்டது. 1970களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், பிறந்த குழந்தையின் ஒரு துளி இரத்தத்தைக் காகிதத்தில் உலர்த்தித் தைராய்டு ஹார்மோனை அளக்கத் தொடங்கினார்கள். அச்சுரப்பி வேலை செய்யாமல் பிறக்கும் குழந்தை பார்வைக்கு நலமாகவே இருக்கும். மாதங்கள் சென்று மந்தம் வெளிப்படும்போது மருந்து கொடுத்துப் பயனில்லை. முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப்போலவே வளர்ந்து பள்ளியில் படிக்கும். இன்று பல நாடுகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் குதிகாலில் ஒரு சிறு குத்து இதற்காகவே.

இப்போது பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் கதிரியக்கம் பயன்படுவதில்லை. அயோடினுக்குப் பதிலாக ஒளிவிடும் பொருளையோ நொதியையோ அடையாளமாகக் கட்டுகிறார்கள். ரிப்பனின் நிறம் மாறியிருக்கிறது, நாற்காலிகள் அடிப்படையில் அவைதாம்.

இங்கே பெரிய வகுப்பு மாணவியருக்கும் அன்னையருக்கும் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். பிட்யூட்டரிக் கட்டிகளில் பெரும்பான்மை புற்று அல்ல. அவற்றுள் அடிக்கடி காணப்படுவது புரோலாக்டின் என்னும் ஹார்மோனைச் சுரப்பது. தாய்ப்பால் சுரக்கத் துணைபுரியும் ஹார்மோன் அது. அது மிகுந்தால் ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மாதக்கணக்கில் நின்றுவிடும். சிலருக்கு மார்பில் பால் கசியும். தலைவலியும் பார்வைக் குறைவும் சேரலாம். நம் பெண்கள் இதைத் தாயிடமும் சொல்லக் கூசுகிறார்கள். தாய்க்குத் தெரிந்தாலும் வெளியே தெரிந்தால் பெண்ணைப் பற்றி என்ன பேசுவார்களோ என்று அஞ்சி மூடி வைக்கிறார். கூச்சத்தால் ஆண்டுகள் ஓடுகின்றன. மாதவிலக்கு நிற்பதற்கும் தவறுவதற்கும் காரணங்கள் பல. உடல் மெலிவு, மனக்கவலை, தைராய்டுக் குறைவு, சினைப்பைக் கோளாறு, சில மருந்துகள் என்று அடுக்கலாம். அனைத்தும் கட்டியால் வருவன அல்ல. எது என்று பிரித்துச் சொல்ல ஓர் இரத்தப் பரிசோதனை போதிய தொடக்கமாகும். புரோலாக்டின் கட்டி என்றே தெரிந்தாலும் பெரும்பாலோருக்குத் தலையில் கத்தி வைக்க வேண்டியதில்லை. மாத்திரையாலேயே அது சுருங்கிவிடுகிறது. இதை வெட்கத்துக்குரிய செய்தியாக்கியது நாம்தான், நோயல்ல.

1977-இன் நோபல் பரிசில் மறுபாதியைப் பகிர்ந்துகொண்ட கில்மன், ஷாலி ஆகிய இருவரின் கதையும் சுவையானது. ஒரு காலத்தில் ஒரே கூடத்தில் உழைத்துப் பின்பு கடும் போட்டியாளர்களாய்ப் பிரிந்தவர்கள் அவர்கள். பிட்யூட்டரிக்கே கட்டளையிடும் ஹார்மோன்கள் மூளையின் அடிப்பகுதியில் உண்டு என்று நிறுவ, ஒருவர் லட்சக்கணக்கான ஆடுகளின் மூளைத்துண்டுகளையும், மற்றவர் பன்றிகளின் மூளைத்துண்டுகளையும் இறைச்சிக் கூடங்களிலிருந்து வரவழைத்து அரைத்து வடித்தார்கள். கிடைத்தது மில்லிகிராம் கணக்கில்! 1973-இல் கில்மன் குழுவினர் சொமட்டோஸ்டாட்டின் என்னும் பொருளைக் கண்டனர். இது மற்ற ஹார்மோன்களைச் சுரக்காதபடி அடக்கும் தன்மையுடையது. இயற்கையில் சில நிமிடங்களே நிலைப்பதால், நெடுநேரம் நிலைக்கும் மாற்றுப் பொருளைப் பின்னர் தயாரித்தார்கள். குடலிலும் கணையத்திலும் தோன்றும் ஹார்மோன் கட்டிகள் பலவற்றின் மேற்பரப்பில் இப்பொருளைப் பற்றிக்கொள்ளும் இடங்கள் நிறைய உள்ளன. ஆகவே இதனோடு லுட்டீசியம் என்னும் கதிரியக்கத் தனிமத்தைக் கட்டி அனுப்பினால், தூதுவரே படைவீரராகிக் கட்டியைத் தேடிப் பற்றி உள்ளிருந்தே சுடுகிறார். 2018-இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. நம் நாட்டிலும் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் இது அளிக்கப்படுகிறது. ஹார்மோனோடு கதிரியக்கத்தைக் கட்டி அனுப்பும் உத்தி, பிராங்ஸ் மருத்துவமனையில் 1950களில் செய்ததுதான்.

கடைசியாக, குடும்ப வழியாக வரும் கட்டிகளைச் சொல்லியாக வேண்டும். தைராய்டுப் புற்றில் ஒரு வகை, கால்சிட்டோனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கும் செல்களில் தோன்றுகிறது. சில குடும்பங்களில் இது தலைமுறை தலைமுறையாக வரும். கூடவே அட்ரினல் கட்டியும் தோன்றலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. 1970களில் கால்சிட்டோனினை அளக்க முடிந்ததும், இக்குடும்பத்துப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்து, ஹார்மோனைத் தூண்டும் ஊசி போட்டு, இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இவ்வாண்டு தப்பியது, வரும் ஆண்டு எப்படியோ என்று அந்தத் தாய்மார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். 1993-இல் இதற்குக் காரணமான பழுது, 'ரெட்' எனப்படும் மரபணுவில் இருப்பது தெரிந்தது. இப்போது வாழ்நாளில் ஒரே ஒரு முறை இரத்தம் கொடுத்தால் போதும். பழுது இல்லாத பிள்ளைக்கு அன்றோடு விடுதலை. பழுது உள்ள பிள்ளைக்கு, புற்று தோன்றுமுன்பே தைராய்டை எடுத்துவிடுகிறார்கள். மிகக் கடுமையான வகையில் முதல் வயதிலேயே செய்கிறார்கள். பரவலாகக் காணப்படும் வகையில் ஐந்து வயதளவில் செய்வது வழக்கம். சுரப்பி போய்விட்டதால் அப்பிள்ளை தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு தைராக்சின் மாத்திரை விழுங்குகிறது. பிறகு முகம் கழுவி, தலைவாரி, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது.